பெட்டியைத் திறக்கக் கூடாது

ஏப்ரல் 3, வியாழன்

வக்கீல் கரீம் பாய் சொன்னதால் இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். "அன்னன்னைக்கு நடந்ததை எழுதி வைங்க புரொபசர். நாளைக்குத் தகராறுன்னு வந்தா கோர்ட்டுல காட்ட உதவும்" என்றார். இன்னும் ஒரு காட்சிகூட நடக்கவில்லை, அதற்குள் தகராறைப் பற்றிப் பேசுகிறார். நான் ஊரை ஏமாற்றிப் பிழைப்பவன் என்று என்னை யாராவது சொன்னால் இனி கரீம் பாயைக் கைகாட்டலாம்.

விஷயம் இதுதான். மதுரை போகும் சாலையில் புதிதாகத் திறந்திருக்கிற தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில், மே மாதம் முழுக்க, திங்கள் தவிர எல்லா நாளும் என் மாயாஜாலக் காட்சி. இத்தனை வருடமும் காதுகுத்து, சடங்கு, பள்ளி ஆண்டுவிழா என்று வாய்வார்த்தையில் ஓட்டியவன் நான். "வந்துருங்க புரொபசர்" என்பார்கள், போய்விடுவேன். இவர்களோ ஒரு கட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் 'புரொபசர் விக்டர்' என்று என் வளைவுக் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். அது திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு ஆள் இல்லையாம்.

"ஆதார்ல என்ன பேரு?" என்றார் வக்கீல்.

"வீரணன்."

"அப்ப விக்டர் யாரு?"

"நான்தான் பாய்."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே."

'புரொபசர் விக்டர் என்கிற வீரணன்' என்று திருத்தினார். போலீஸ் தேடுகிற ஆட்களுக்குத்தான் பேப்பரில் இப்படிப் போடுவார்கள். திண்டுக்கல் முழுக்கத் தெரிந்த ஒருவனை ஒரு காகிதம் இல்லை என்று சொல்லிவிடுமாம். எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்றை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். தொழில் ரகசியம் எதையும் இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன். புறாவுக்கு அனுமதிச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் கூடாது. நெருப்பு கூடாது. மேடையில் தண்ணீர் சிந்தக் கூடாது. இதைச் சொல்வது தண்ணீர்ப் பூங்கா. என் இரண்டு புறாக்களுக்கும் இன்றோடு வேலை போயிற்று, தீனி மட்டும் தொடர்கிறது.

மிஞ்சியது பெட்டிதான். பெண்ணை இரண்டாக அறுக்கும் காட்சி. ஒப்பந்தத்திலேயே அதைப் பெரிய எழுத்தில் 'முக்கிய அம்சம்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். நானாகவே ஒரு பிரிவும் சேர்க்கச் சொன்னேன், ஒன்பதாவது பிரிவு: 'தொழில் ரகசியத்தைக் கருதி, கலைஞரின் பெட்டியை எக்காரணம் கொண்டும் யாரும் திறக்கக் கூடாது.' கரீம் பாயே அசந்துபோனார்.

சிக்கல் வேறு இடத்தில். பூங்காவுக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் பெயர், போட்டோ, கழுத்தில் மாட்டும் பாஸ், விபத்துக் காப்பீடு எல்லாம் வேண்டுமாம். எத்தனை பேர் என்று கேட்டார்கள். மூன்று என்று எழுதினேன். நான், மிஸ் ரோஸி, வண்டி ஓட்டி மேளம் போடும் சகாயம்.

எழுத மாட்டேன் என்று சொன்னேன். ஆனால் இதை எழுதாவிட்டால் என் சங்கடம் எனக்கே புரியாது. மிஸ் ரோஸி என்பது என் மனைவி ராக்கு. அவள் பெட்டிக்குள் படுத்ததும் முழங்காலை மடக்கி மேல்பாதியில் சுருண்டுகொள்வாள். கீழ்ப்பாதியில் முன்கூட்டியே ஒளிந்திருக்கிற பேச்சி தன் காலை வெளியே நீட்டுவாள். பேச்சி ராக்குவின் தங்கை, எனக்குக் கொழுந்தியாள். ஆக, தலை அக்காவுடையது, கால் தங்கையுடையது. நடுவில் நான் ரம்பம் இழுக்கிறேன். பெட்டியைப் பிரித்துத் தள்ளிவைத்த பிறகு, கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டச் சொல்வேன். விரல்கள் துள்ளும், அங்கே தலை சிரிக்கும், மண்டபம் அதிரும். காலுக்குச் செருப்பு, ஷூ போட்டால் பொம்மைக் கால் என்று சொல்லிவிடுவார்கள். வெறுங்காலுக்குத்தான் கைதட்டு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதுதான் தொழில். எட்டு வருடமாகப் பேச்சி மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே பெட்டிக்குள் ஏறிக்கொள்வாள். காட்சி முடிந்து பெட்டியோடு வெளியே போவாள். சாப்பாடு வண்டிக்குப் பொட்டலமாக வரும். அவள் இருப்பது கரீம் பாய்க்குக்கூடத் தெரியாது. அவள் பெயரையும் போட்டோவையும் வாசலில் கொடுத்தால் அப்புறம் என்ன ரகசியம்? தவிர, அவள் வீட்டுப்பிள்ளை. வீட்டுப்பிள்ளைக்கு எதற்குக் காப்பீடு?

ஏப்ரல் 8, செவ்வாய்

பேச்சியைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மணிமுத்து, எலக்ட்ரீசியன். நல்ல பையன். நம் வீட்டு ஃபேன் சத்தம் போடுவதைக் கேட்டுவிட்டு, பஜ்ஜியைக் கீழே வைத்து, ஸ்டூலில் ஏறிச் சரிசெய்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தான். பேச்சியிடம் மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

அவன் அம்மாதான் ஒரு மாதிரி. காபித் தட்டோடு வந்தவளை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே வந்த பார்வை அங்கேயே நின்றுவிட்டது. "ஊருக்குப் போயிச் சொல்லிவிடுறோம்" என்று எழுந்துகொண்டார். தை மாதம் வந்தவர்களும் இப்படித்தான் போனார்கள். அதற்கு முன்னால் வந்தவர்களும். பஜ்ஜியில் உப்பு தூக்கலாக இருந்தது, நான் அப்போதே ராக்குவிடம் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

புதுக் காட்சிக்குப் புதுச் சாமான் வாங்கக் கடைவீதி போனேன். ஜிகினாத் துணி, ரிப்பன், இரண்டு ஜோடி மெட்டி. ராக்கு பெட்டியில் ஏறும்போது அவள் கால் மெட்டியைக் கூட்டம் பார்க்கிறது. அந்தப் பக்கம் நீளுகிற காலிலும் அதே மெட்டி இருந்தாக வேண்டும். அதனால் எப்போதும் ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்குவேன்.

"வீட்டுல ஒண்ணு, வேற எங்கயும் ஒண்ணா புரொபசர்?" என்று கண்ணடித்தார் கடைக்காரர். தொழில் ரகசியம் என்று சொல்லி நானும் சிரித்துவைத்தேன்.

ராக்கு ஒருமுறை கேட்டிருக்கிறாள், காட்சி நேரத்தில் மட்டும் தான் மெட்டியைக் கழற்றிவிட்டால் என்ன, இருவர் காலும் வெறுங்காலாக இருக்கட்டுமே என்று. கட்டினவன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும்போது பெண்டாட்டி மெட்டியைக் கழற்றுவாளா? எனக்குப் பிரஷர் மாத்திரை வேறு ஓடுகிறது. அந்தப் பேச்சை அன்றைக்கே முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஒரு பெரிய வேலை முடிந்தது. கரீம் பாய் முத்திரைத் தாளில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். என்னோடு வேலை செய்கிற யாரும் என் வித்தையை வெளியே சொல்லக் கூடாது, வேறு யாரோடும் சேர்ந்து செய்யக் கூடாது, மீறினால் புரொபசர் விக்டர் என்கிற வீரணனுக்கு நஷ்டஈடு தர வேண்டும். சகாயம் கையெழுத்துப் போட்டான். பெட்டி செய்த ஆசாரியை வீட்டுக்கே போய்ப் பிடித்தேன்.

"பொண்டாட்டிக்குமா?" என்று கேட்டாள் ராக்கு.

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்."

கையைத் துடைத்துக்கொண்டு பேச்சியும் வந்தாள். "நான் எங்க போடணும் மச்சான்?"

"உனக்கு எதுக்கு? நீதான் லிஸ்டுலயே இல்லையே."

பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பால் பொங்குகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. நல்ல நேரம் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். வடை பாயசம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வத்தலக்குண்டிலிருந்து பதில் இல்லை. பேச்சி ஃபேனைப் போட்டுவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து ஜிகினா தைக்கிறாள். கரண்ட் பில்லை யார் கட்டுவது?

மே 1, வியாழன்

முதல் காட்சி. பூங்காவுக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் பங்க் அருகே பேச்சி பெட்டிக்குள் ஏறினாள். வாசலில் காவலாளி மூன்று பாஸையும் பார்த்தார், வணக்கம் வைத்தார், விட்டுவிட்டார். ஒன்பதாவது பிரிவைக் காட்டும் அவசியமே வரவில்லை. அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கைதட்டு நின்றபாடில்லை. மேனேஜர் அருள்செழியன் மேடைக்கு வந்து கைகொடுத்தார். "ரெண்டு துண்டாக்கினப்புறமும் கால் ஆடுச்சே சார், எப்படி?" என்றார். ஊழியர் கேண்டீனில் எங்கள் மூவருக்கும் கோழிக் குழம்போடு சாப்பாடு. வண்டிக்கு ஒரு தயிர்சாதம் கட்டிக்கொண்டேன். கோழிக் குழம்பு பொட்டலத்தில் ஒழுகும்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வக்கீல் அப்படித்தான் எழுதச் சொன்னார்.

பூங்கா முதலாளி பார்வையிட வருகிறார் என்று வாசலில் காவலாளியை மாற்றியிருந்தார்கள். புதியவர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். ஒன்பதாவது பிரிவை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டு, விரலை வைத்து, முழுதாகப் படித்தார்.

"சரி, தொறக்க வேணாம். ஆனா சோதிக்காம வண்டியை உள்ள விடணும்னு எங்கயும் எழுதலையே. மேனேஜர் வரட்டும்."

மேனேஜர் முதலாளியோடு இருந்தார். போனை எடுக்கவில்லை. உச்சிவெயில். நிழலில் ஒதுக்கக்கூட இடம் தரவில்லை, பின்னால் வரிசையாகக் கார்கள். வண்டியின் தகரத்தில் கை வைத்தால் பொசுக்கியது.

எங்கள் தொழிலில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தட்டு என்றால் தயார். இரண்டு தட்டு என்றால் கால் மரத்துவிட்டது, சீக்கிரம் முடியுங்கள். முதலில் இரண்டு தட்டு கேட்டது. காவலாளிக்குக் கேட்கக் கூடாதே என்று நான் பலமாக இருமினேன். கொஞ்ச நேரத்தில் மூன்று தட்டு. மூன்றுக்கு நாங்கள் அர்த்தம் எதுவும் வைத்துக்கொண்டதில்லை. பிறகு எண்ண முடியாமல் தட்டினாள். நானும் எண்ண முடியாமல் இருமினேன்.

"ஏங்க, தொறந்து விடுங்க. புள்ள செத்துப்போகும்" என்றாள் ராக்கு, காதுக்குள்.

"பொறு. மேனேஜர் வந்துக்கிட்டே இருக்காரு."

அவள் வண்டியில் ஏறப் போனபோது நான் கையைப் பிடித்து இழுத்தேன் என்று பிறகு சொன்னாள். எனக்கு அப்படி நினைவில்லை.

தட்டல் நின்றுவிட்டது. இருமலை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்கப் போனேன். அதற்குள் உள்தாழ்ப்பாள் படாரென்று விழுந்தது. மூடி திறந்தது. பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. எங்கள் யாரையும் பார்க்காமல் காவலாளியைப் பார்த்து, "அண்ணே, தண்ணி இருக்கா?" என்றாள்.

அவர் தன் பாட்டிலைக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தன் தாளைப் பார்த்தார். "மூணு பேருன்னுதான போட்டிருக்கு? நாலாவது ஆளுக்குப் பாஸ் இல்லாம உள்ள விட முடியாதும்மா."

"நான் உள்ள வரலண்ணே. வெளியதான் போறேன்."

வாசல் திண்டில் உட்கார்ந்து இரண்டு கால் மெட்டியையும் கழற்றினாள். என் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. தார்ச்சாலையில் வெறுங்காலோடு குதித்துக் குதித்துப் போய், வந்து நின்ற திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ராக்கு தன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பஸ் போய்விட்டது.

நான் வண்டியிலிருந்து ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு காவலாளியிடம் ஓடினேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல அந்தப் புள்ள பஸ்ஸுக்குக் காசு வச்சிருக்கான்னு பாத்தீங்களா சார்?" என்றார். சம்பந்தமில்லாத பேச்சு.

பெட்டி இல்லாமல் காட்சி நடந்தது. கைக்குட்டையும் சீட்டுக்கட்டும். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து தண்ணீருக்குப் போய்விட்டன. முக்கிய அம்சம் வெள்ளிக்கிழமைக்குள் மேடை ஏறாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, அபராதமும் உண்டு என்று மேனேஜர் சொன்னார். பெரிய எழுத்தில் போடச் சொன்னவன் நான்தான். தவளை தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது.

மே 5, திங்கள்

கரீம் பாயிடம் போய் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். பேச்சி மேல் நோட்டீஸ் விட முடியுமா என்று கேட்டேன்.

"ரகசியக் காப்புல கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

"இல்லை."

"உங்க குழுவுல இருந்தாங்கன்னு காட்ட ஒரு போட்டோ? ஒரு நோட்டீஸ்ல பேரு? ஒரு துண்டுக் காகிதம்?"

"எதுலயும் வராமத்தான பாய் எட்டு வருஷமாப் பாத்துக்கிட்டேன்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப சட்டப்படி அவங்க உங்க பெட்டிக்குள்ள இருந்ததே கிடையாது. இல்லாத ஆளுக்கு நான் எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புறது? வித்தையை நாளைக்கே அவங்க வேற மேஜிக்காரனுக்குச் சொல்லலாம். ஆசாரி சொல்லக் கூடாது, சகாயம் சொல்லக் கூடாது, உங்க வீட்டம்மா சொல்லக் கூடாது. சொல்லலாம்னு இருக்கறது அவங்க ஒருத்தர்தான். மறைக்கிறதுல நீங்க பெரிய ஆளுதான் புரொபசர்."

பாராட்டுகிறாரா என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மே 6, செவ்வாய்

சகாயத்தின் காலைச் சவரம் செய்து, கொலுசும் மெட்டியும் மாட்டி ஒத்திகை பார்த்தோம். பக்கத்து வீட்டுச் சிறுமியை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டச் சொன்னேன். "சகாயம் மாமா, எதுக்கு உள்ள படுத்திருக்கீங்க?" என்று கேட்டது.

ராக்கு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

மே 7, புதன்

பேச்சி பேகம்பூரில் தன் தோழி பர்வீன் வீட்டில் இருக்கிறாள். காலையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். மாம்பழத்தை வாங்கிப் பர்வீனிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உள்ளங்காலில் கொப்புளத்துக்கு மருந்து போட்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலையே?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். நலம் விசாரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

"சொல்லணும்னா தை மாசமே சொல்லியிருப்பேன் மச்சான்." காலை நீட்டினாள். "இங்க பாருங்க."

இரண்டாவது விரலைச் சுற்றி வெளிறிய வளையம். அழுத்திப் போட்ட மெட்டியின் தடம், காய்த்துப்போயிருந்தது. இந்தக் காலை நான் ஆயிரம் தடவை மேடையில் காட்டியிருக்கிறேன். மெட்டி இல்லாமல் உற்றுப் பார்த்ததில்லை.

"காபித் தட்டோட வந்து நின்னா எல்லாரும் இதைத்தான் பாக்குறாங்க. கல்யாணம் ஆகாத புள்ள கால்ல மெட்டித் தடம். ரெண்டாங்கட்டுன்னு நினைக்கிறாங்க, இல்ல யாருக்கோ கட்டி அத்துவிட்டதுன்னு. வத்தலக்குண்டு அம்மா அடுப்படிக்கே வந்து கேட்டுச்சு. 'மறைக்காமச் சொல்லு தாயி, முன்னாடி எங்கயும் கட்டிக் கொடுத்தாங்களா'ன்னு."

"நீ காரணத்தைச் சொல்லியிருக்கலாமே!"

"எந்தக் காரணத்தை? பெட்டிக்குள்ள படுக்குறேன்னா? முதல் நாளு என் தலையில கை வச்சு, உசுரே போனாலும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது யாரு மச்சான்?" காலை இழுத்துக்கொண்டாள். "மூணு தடவை தண்ணி வாங்கிக் குடிச்சாரு அவரு. அவர்கிட்டக்கூட நான் சொல்லல."

பர்வீன் மாம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்து வைத்தாள். நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

பிறகு அவளே சொன்னாள். வருவாளாம். ஆனால் முன்வாசல் வழியாக, நடந்து, கழுத்தில் பாஸோடு. தன் பேரில் காப்பீடு. கேண்டீனில் எல்லாரோடும் சாப்பாடு. இனி மெட்டி போட மாட்டாள்.

"கால் பொருந்தாதே பேச்சி!"

"அக்காவைக் கழட்டச் சொல்லுங்க."

பாஸ் சரி, சாப்பாடு சரி, மெட்டி மட்டும் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தேன். கூடுதலாகத்தான் இருந்தது.

மே 8, வியாழன்

காலையில் பின்பக்கக் குழாயடியில் ராக்கு உட்கார்ந்து காலுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மெட்டி வரவில்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றித் திருகினாள். நான் பதறிப்போனேன்.

"ராக்கு, நான் உசுரோட இருக்கேன்டி!"

"தெரியுது. சத்தம் கேக்குது."

"இது விளையாட்டு இல்ல. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எட்டு வருஷமா கல்யாணம் ஆகாத புள்ள மெட்டி போட்டிருந்தா. அதனால அவளுக்குப் புருஷன் வந்துட்டானா? போட்டு வராதவன், கழட்டுனா மட்டும் போயிருவானா?" என்றாள். திருகலில் விரல் சிவந்துவிட்டது. "அன்னைக்கு என் கையைப் பிடிச்சு இழுத்தீங்கள்ல. பெட்டியில தட்டுச் சத்தம் நின்னப்ப எனக்கு எது போனாலும் சரின்னு தோணுச்சு. நீங்களும் சேர்த்துத்தான்."

கழற்றி, துடைத்து, இந்த நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். எழுதுவதற்காக அதை நகர்த்த வேண்டியிருந்தது.

மதியம்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மார்பு வலிக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன். பசிதான் எடுத்தது.

மே 9, வெள்ளி

பேச்சி பூங்கா வாசலில் நடந்து நுழைந்தாள். கழுத்தில் பாஸ். 'பேச்சியம்மாள், மேடைக் கலைஞர்.' நான் 'உதவியாளர்' என்றுதான் எழுதியிருந்தேன், அவள் அடித்துவிட்டுத் திருத்தினாள். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்த அதே காவலாளி அவள் பாஸை மட்டும் எடுத்து நிதானமாகப் படித்து, நிமிர்ந்து நின்று வணக்கம் வைத்தார்.

நாலாவது ஆள் எதற்கு என்று மேனேஜர் கேட்கவில்லை. கேண்டீன்காரர் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. எட்டு வருடம் நான் யாருக்குப் பயந்தேன் என்று புரியவில்லை. மேடைக்குப் பின்னால் திரைபோட்டு அவள் பெட்டிக்குள் ஏறிக்கொண்டாள், அவ்வளவுதான் வேலை. கைதட்டு குறையவில்லை. பேச்சி இரண்டு தடவை கோழிக் குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் முத்திரைத் தாளை அவள் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன் மச்சான். சொல்லவும் மாட்டேன். போங்க."

மே 12, திங்கள்

பூங்கா விடுமுறை. புறாவுக்குத் தீனி வாங்க வத்தலக்குண்டு போனேன். தீனி திண்டுக்கல்லிலும் கிடைக்கும், ஆனால் காற்றாடப் போனதுபோல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போன இடத்தில் மணிமுத்துவின் வீடு கண்ணில் பட்டது. மூன்று பேரிடம் வழி கேட்ட பிறகு பட்டது. அந்தம்மா திகைத்து வரவேற்றார். மோர் கொடுத்தார். நான் மோரைக் குடித்துவிட்டு, எட்டு வருடமாகப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். பெட்டி எப்படி, தலை யாருடையது, கால் யாருடையது, மெட்டி ஏன் எல்லாம். மேடையில் பேசிப் பேசிப் பழகிய நாக்கு, இதைச் சொல்ல மூச்சு வாங்கியது.

அந்தம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "ஆக, ரெண்டு பொம்பளைங்களா? இவ்வளவுதானா?" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அது என்னைச் சுட்டது. பிறகு மெல்ல, "தப்பா நினைக்காதீங்க. நீங்க மேஜிக்காரரு. காக்காயைப் புறான்னு காட்டுறவரு. உங்க வாய்ப்பேச்சை எப்படி நம்புறது?" என்றார்.

என் வாழ்நாளில் நான் பேசிய முழு உண்மை இது ஒன்றுதான். அதுதான் விலைபோகவில்லை. பூங்காவுக்கு இரண்டு அனுமதிச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். மணிமுத்து வாசல்வரை வந்தான். ஃபேன் இப்போது சத்தம் போடுகிறதா என்று கேட்டான். போடவில்லை என்றேன். முகம் வாடிப்போயிற்று.

ஒப்பந்தப்படி ரகசியத்தை வெளியிட்டவர் வீரணனுக்கு நஷ்டஈடு தர வேண்டும். கரீம் பாயிடம் இதைக் கேட்கப் போவதில்லை. தீனி வாங்க மறந்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

காட்சி. நல்ல கூட்டம். பெட்டியை அறுத்துப் பிரித்துத் தள்ளியாயிற்று. "குழந்தைகள் யாராவது மேலே வாங்க, கால் உண்மையான்னு பாருங்க" என்று வழக்கம்போல் கூப்பிட்டேன். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, மணிமுத்துவின் அம்மா மேடையேறி வந்தார்.

கூட்டம் சிரித்தது. சொல்ல வேண்டிய வசனம் ஒன்றும் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கீழ்ப்பாதியிடம் போய்க் குனிந்தார். வெறுங்கால். மெட்டி இல்லை. இரண்டாவது விரலில் அந்த வெளிறிய வளையம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து, அந்தக் கோடியில் சிரித்துக்கொண்டிருந்த ராக்குவின் தலையைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். கிச்சுக்கிச்சு மூட்டவில்லை. உள்ளங்காலை இரண்டு கையாலும் பிடித்து, ஆறிக்கொண்டிருந்த கொப்புளத்தின் பக்கம் மெதுவாக ஒருமுறை வருடினார். விரல்கள் அசைந்தன.

"கால் நெசந்தான்" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கைதட்டு கூரையைப் பிய்த்தது. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தான்.

இறங்குகிற இடத்தில் என் காதருகே, "ஞாயித்துக்கிழமை தட்டு மாத்த வர்றோம். பஜ்ஜியில உப்பைக் குறைச்சுப் போடச் சொல்லுங்க" என்றார். நான் அன்றைக்கே சொன்னேன்.

திரைக்குப் பின்னால் பேச்சி பெட்டியிலிருந்து இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னைக்குத் தொட்டது எந்தப் புள்ள மச்சான்? கூட்டச் சத்தத்துல உள்ள ஒண்ணும் கேக்கல. கை சில்லுன்னு இருந்துச்சு. கூச்சமே வரல. அம்மா தொட்டாப்ல இருந்துச்சு."

ராக்கு என்னைப் பார்த்தாள். நான் ரம்பத்தைத் துடைத்து உறையில் போட்டேன்.

தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காபித் தட்டோடு வந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும்.